பைப்பாலூட்டி ஆண்களின் ஹார்மோன்கள்: ஓர் ஆய்வுத் துறை உருவான வரலாறு

கங்காரு, வாலபி, கோவாலா, அமெரிக்காவின் ஒப்போசம் முதலிய பைப்பாலூட்டிகள், அதாவது முழு வளர்ச்சி பெறாத குட்டியை ஈன்று, அதைப் பெரும்பாலும் வயிற்றுப் பையில் வைத்துப் பாலூட்டி வளர்க்கும் விலங்குகள், ஐரோப்பியரின் கண்ணில் பட்டு ஐந்து நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. எனினும் அவற்றின் இனப்பெருக்கத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் முதல் நானூறு ஆண்டுகள் வரை ஆண் விலங்குக்குக் கிடைத்த இடம் மிகச் சிறியது. பை பெண்ணுக்கு உரியது, வியப்பும் பையைச் சுற்றியே இருந்தது. 1500ஆம் ஆண்டில் பிரேசில் கரையிலிருந்து விசென்தே யானெஸ் பின்சோன் ஸ்பெயின் அரசவைக்குக் கொண்டுவந்த ஒப்போசம் ஒரு பெண் விலங்கு. 1629இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆப்ரோல்யோஸ் தீவுகளில் கப்பல் உடைந்து கரையேறிய டச்சுத் தளபதி பிரான்சிஸ்கோ பெல்சார்ட், அங்கே கண்ட டாமர் வாலபியை விவரித்தபோது, பைக்குள் முலைக்காம்பிலிருந்தே குட்டி முளைத்து வளர்கிறது என்று எழுதினார். அந்த எண்ணம் மறைவதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயின.

ஆணின் உடற்கூறு அறிவியல் ஏட்டில் முதன்முதலாகப் பதிவானது லண்டனில்தான். எட்வர்ட் டைசன் 1698இல் ஒரு பெண் ஒப்போசத்தை அறுத்து ஆராய்ந்து ராயல் சொசைட்டியின் இதழில் எழுதினார். ஆண் விலங்கை அறுத்து 1704இல் விவரித்தவர் அறுவை மருத்துவர் வில்லியம் கௌப்பர். ஆண்களின் சிறுநீர்ப் பாதையை ஒட்டியுள்ள ஒரு சோடிச் சுரப்பிகள் இன்றும் இவர் பெயரால் வழங்குகின்றன. அச்சுரப்பிகள் பைப்பாலூட்டி ஆண்களில் மிகப் பெரியவையாகவும், சில இனங்களில் மூன்று சோடிகளாகவும் அமைந்திருப்பது தற்செயலான பொருத்தம்தான். மற்ற வேறுபாடுகள் இன்னும் விந்தையானவை. மற்றப் பாலூட்டிகளில் ஆண்குறிக்குப் பின்னால் இருக்கும் விதைப்பை இவற்றில் அதற்கு முன்னால் தொங்குகிறது. பல இனங்களில் ஆண்குறியின் நுனி இரண்டாகப் பிளந்திருக்கிறது. விந்துப் பைகள் எனப்படும் துணைச் சுரப்பிகள் இல்லவே இல்லை, அவற்றின் வேலையையும் சேர்த்துச் செய்யும் புராஸ்டேட் சுரப்பி உடலளவுக்கு மீறிப் பருத்திருக்கிறது. அமெரிக்க இனங்களில் விந்தணுக்கள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு நீந்துகின்றன. இவையெல்லாம் உடற்கூற்றாளரின் குறிப்புகளில் விந்தைகளாகப் பதிவாகிக் கிடந்தனவேயன்றி, இவை ஏன் இப்படி அமைந்தன, எது இவற்றை அமைக்கிறது என்னும் கேள்வி எழுவதற்கு ஹார்மோன் என்னும் கருத்தே பிறக்க வேண்டியிருந்தது.

1849இல் கோட்டிங்கன் நகரில் ஆர்னால்டு பெர்தோல்டு, விதையடித்த சேவலின் வயிற்றில் விந்தகத்தை மீண்டும் பதித்தபோது அதன் கொண்டையும் கூவலும் திரும்பியதைக் காட்டினார். விந்தகத்திலிருந்து இரத்தத்தில் கலக்கும் அந்தப் பொருள், டெஸ்டோஸ்டிரோன் என்னும் பெயருடன் 1935இல் பிரித்தெடுக்கப்பட்டு, அதே ஆண்டில் செயற்கையாகவும் தயாரிக்கப்பட்டது. ஆய்வாளர் கையில் தூய ஹார்மோன் கிடைத்தவுடன் கருவிலேயே ஆண் ஆணாவதும் பெண் பெண்ணாவதும் ஹார்மோனாலா என்னும் கேள்வி முன்னுக்கு வந்தது. எலியிலும் முயலிலும் இதைச் சோதிப்பது கடினமாக இருந்தது, ஏனெனில் அவற்றின் பாலுறுப்புகள் தாயின் கருப்பைக்குள்ளேயே வடிவம் பெற்றுவிடுகின்றன. ஒப்போசத்திலோ கருக்காலம் ஏறக்குறைய 13 நாள்கள்தான். பாலுறுப்புகள் உருவாகும் காலம் முழுவதும் குட்டி தாயின் பைக்குள், ஆய்வாளரின் கைக்கெட்டும் தூரத்தில், முலைக்காம்பைப் பற்றிக்கொண்டு கிடக்கிறது. டெக்சாஸில் கார்ல் ஹார்ட்மன் இவ்விலங்கின் இனப்பெருக்கத்தை ஏற்கெனவே நுணுகி ஆராய்ந்து, அதை ஆய்வுக்கூடத்துக்குப் பழக்கியிருந்தார். எனவே 1930களிலும் 1940களிலும் சிகாகோவில் கார்ல் மூர், மேரிலாந்தில் ராபர்ட் பர்ன்ஸ் ஆகியோர் பைக்குட்டிகளுக்கு ஆண் ஹார்மோனையும் பெண் ஹார்மோனையும் கொடுத்து விளைவுகளைப் பதிவு செய்தனர்.

மூரின் சோதனைகளில் ஒரு முரண்பாடு தலைகாட்டியது. ஆண் ஹார்மோன் பெற்ற பெண் குட்டிகளில் ஆண்குறி போன்ற வளர்ச்சியும் புராஸ்டேட்டும் தோன்றின. ஆனால் பை மறையவில்லை, விதைப்பையும் முளைக்கவில்லை. விந்தகம் நீக்கப்பட்ட ஆண் குட்டிகளிலும் எதிர்பார்த்த மாற்றம் வரவில்லை. இவற்றைக் கொண்டு மூர், கருப்பருவத்தில் பால் வேறுபாட்டை ஹார்மோன்கள் தீர்மானிப்பதில்லை என்று பொதுப்பட முடிவு கட்டினார். 1947இல் பாரிஸில் ஆல்பிரெட் ஜோஸ்ட், கருப்பையிலிருக்கும் முயல் கருவின் விந்தகத்தை நீக்கினால் அது பெண்ணுருவில் வளர்வதைக் காட்டிய பிறகு, மூரின் முடிவு கைவிடப்பட்டது. விந்தகம் சுரப்பதெல்லாம் ஆணுக்குரியது, விந்தகம் இல்லையேல் எல்லாம் பெண்மை என்பது பாடநூல் விதியாயிற்று. முடிவு தவறென்று தள்ளப்பட்டபோது அதற்கு அடிப்படையான கவனிப்பும் சேர்த்து மறக்கப்பட்டது. அந்தக் கவனிப்பு சரியாகவே இருந்தது என்பது தெரிவதற்கு மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின. பர்ன்ஸ் 1955இல் இன்னொரு வியப்பையும் சேர்த்தார்: பிறந்தவுடன் பெண் ஹார்மோனாகிய ஈஸ்ட்ரோஜன் கொடுக்கப்பட்ட ஆண் ஒப்போசக் குட்டிகளில் விந்தகமே சினையகத்தின் இயல்பை எடுத்துக்கொண்டது.

இதற்குள் ஆய்வின் மையம் ஆஸ்திரேலியாவுக்கு நகர்ந்துகொண்டிருந்தது. 1948இல் பெர்த் நகருக்கு விலங்கியல் பேராசிரியராக வந்த ஆங்கிலேயர் ஹாரி வேரிங், நாளமில்லாச் சுரப்பிகளில் பயிற்சி பெற்றவர். உள்ளூர் விலங்குகளை விட்டுவிட்டு எலிகளை வளர்ப்பதில் பொருளில்லை என்று கண்டு, ராட்னெஸ்ட் தீவில் மலிந்திருந்த குவோக்கா என்னும் சிறு வாலபியின்மேல் தம் மாணவர்களின் கவனத்தைத் திருப்பினார். ஆனால் 1950களில் ஜெஃப் ஷார்மன், குவோக்காவின் கரு பல மாதங்கள் கருப்பைக்குள் வளராமல் உறங்கிக் கிடப்பதைக் கண்டறிந்ததும் ஏறக்குறைய எல்லோருடைய உழைப்பும் பெண்ணின் பக்கம் பாய்ந்தது. காஷ்மீரில் பிறந்து, இந்தியாவிலும் நியூசிலாந்திலும் கல்வி பெற்ற ஹியூ டின்டேல்-பிஸ்கோவும் அவருடைய மாணவி மெரிலின் ரென்ஃப்ரீயும் டாமர் வாலபியை உலகறிந்த ஆய்வு விலங்காக்கியது இந்தக் கரு உறக்கத்தை ஆராய்ந்துதான். பைப்பாலூட்டிகளைப் பற்றிய நூல்களில் ஆண்களுக்குக் கிடைத்த இடம் அக்காலத்தில் ஓர் அத்தியாயத்துக்கு மேல் நீளவில்லை.

டாமரின் ஆண்டுக் கணக்கு மிகக் கறாரானது. தெற்கு ஆஸ்திரேலியாவின் கங்காரு தீவில் டிசம்பர் 22ஆம் நாளையொட்டிப் பகல் குறையத் தொடங்கியதும் உறங்கும் கரு விழித்து, ஜனவரி இறுதியை அடுத்துப் பெரும்பாலான குட்டிகள் பிறக்கின்றன. ஏறத்தாழ 400 மில்லிகிராம் எடையுள்ள குட்டி பைக்குள் ஏறிய சிறிது நேரத்திலேயே தாய் மீண்டும் இனச்சேர்க்கைக்குத் தயாராகிறது. ஆண்டுக்கு ஒருமுறை வாய்க்கும் இந்தச் சில மணி நேரத்துக்கு ஆண் எப்படித் தயாராகிறது என்று பார்க்க முனைந்தவர்களின் எண்ணிக்கை குறைவாயினும் அவர்கள் கண்டவை தெளிவானவை. ஜான் ஹெர்ன் 1975இல் வெளியிட்ட ஆய்வில், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியை நீக்கினால் ஆண் டாமரின் விந்தகமும் புராஸ்டேட்டும் சுருங்கிவிடுவதைக் காட்டினார். இதனால் மற்றப் பாலூட்டிகளில் உள்ள அதே கட்டளைத் தொடர் இங்கும் உண்டு என்பது உறுதியாயிற்று: மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி ஜிஎன்ஆர்ஹெச் என்னும் விடுவிப்பு ஹார்மோனைச் சுரக்கிறது, அது பிட்யூட்டரியைத் தூண்டி எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் என்னும் இரு ஹார்மோன்களை வெளிவிடச் செய்கிறது, அவற்றுள் முன்னது விந்தகத்தை டெஸ்டோஸ்டிரோன் சுரக்கத் தூண்டுகிறது, பின்னது விந்தணு உருவாக்கத்துக்குத் துணை செய்கிறது, இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் கூடினால் மேலிருந்து வரும் கட்டளை தணிகிறது.

ஆனால் இந்தத் தொடரை முடுக்கிவிடுவது எது என்பதில்தான் ஆண் டாமர் தன் பெண்ணிடமிருந்து வேறுபட்டது. கான்பெராவில் கேட்லிங், சதர்லாந்து இருவரும் 1980இல் வெளியிட்ட ஆய்வின்படி, பெண்களுடன் அடைக்கப்பட்ட ஆண்களில் இனச்சேர்க்கைக் காலத்தில் எல்ஹெச்சும் டெஸ்டோஸ்டிரோனும் உயர்ந்தன. பெண்களிடமிருந்து பிரித்து வைக்கப்பட்ட ஆண்களில் அந்த உயர்வே இல்லை. பகலின் நீளத்தைக் கணக்கிட்டு வாழ்வது பெண் மட்டுமே. ஆணுக்குத் தனி நாள்காட்டி கிடையாது, பெண்ணின் நாள்காட்டியைப் பார்த்தே அது நடக்கிறது. பருவமடைதலிலும் இரு பாலுக்கும் இடையில் பெரும் இடைவெளி உண்டு. பெண் டாமர் ஏறக்குறைய 9 மாதத்தில், அதாவது பையை விட்டு வெளியேறிய சூட்டோடு, கருத்தரிக்கும் தகுதி பெறுகிறது. ஆணோ விந்தகம் பருத்து, டெஸ்டோஸ்டிரோன் உயர்ந்து, விந்தணுக்கள் முதிர்ந்து வெளிவர ஏறத்தாழ 2 ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. பெரிய ஆண்களே பெண்களைக் காத்து நிற்கும் இனத்தில், உடல் வளராத இளம் ஆண் முன்கூட்டியே பருவமடைந்து பெறக்கூடிய பயன் சொற்பம்.

மூர் கண்ட முரண்பாட்டுக்கு முதல் விளக்கம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1970இல் ஷார்மனும் உடனாய்வாளரும், பால் அமைப்பில் கலப்புற்ற சில பைப்பாலூட்டிகளின் குரோமோசோம்களை ஆராய்ந்து எழுதினர். இரண்டு எக்ஸ் குரோமோசோம்களுடன் ஒரு ஒய்யும் கொண்ட விலங்குக்கு விந்தகமும் ஆண்குறியும் இருந்தன, ஆனால் விதைப்பைக்குப் பதிலாகப் பை இருந்தது. ஒய் இல்லாமல் ஒரே ஓர் எக்ஸ் மட்டும் கொண்ட விலங்குக்கு விந்தகம் இல்லை, இருந்தும் பைக்குரிய இடத்தில் வெறும் விதைப்பை தொங்கியது. ஆக, விந்தகத்தை உண்டாக்குவது ஒய், விதைப்பையா பையா என்பதைத் தீர்மானிப்பது எக்ஸின் எண்ணிக்கை. 1982இல் பிரிட்டனிலிருந்து மெல்போர்னுக்கு வந்த ரோஜர் ஷார்ட்டும், ரென்ஃப்ரீ, ஜெஃப் ஷா, வாய்-சம் ஓ ஆகியோரும் 1988இல் நேச்சர் இதழில் இதை நேரடியாகவே மெய்ப்பித்தனர்: டாமர் கருவில் விந்தகம் உருவாவதற்கு முன்பே, பிறப்புக்கும் முன்பே, விதைப்பையின் முகிழ்ப்புகள் ஆண் கருவில் தெரிகின்றன, இன்னும் தோன்றாத உறுப்பின் ஹார்மோன் அவற்றை உண்டாக்கியிருக்க முடியாது. நாற்பது ஆண்டுகள் அசையாமல் நின்ற ஜோஸ்ட்டின் விதிக்கு, பாலூட்டிகளுக்குள்ளேயே முதல் விலக்கு இவ்வாறு கிடைத்தது. அதே 1988இல், மனிதரில் ஆண்மையைத் தீர்மானிக்கும் மரபணு என்று முந்தைய ஆண்டில் அறிவிக்கப்பட்டிருந்த ஒன்று, பைப்பாலூட்டிகளில் ஒய் குரோமோசோமிலேயே இல்லை என்பதை ஜெனிபர் கிரேவ்ஸ் பங்கேற்ற குழு காட்டியது. அந்த மரபணு போட்டியிலிருந்து விலகி, 1990இல் எஸ்ஆர்ஒய் என்னும் உண்மையான மரபணு கண்டறியப்பட்டது.

விதைப்பை ஹார்மோனுக்குக் கட்டுப்படாதது என்றால், புராஸ்டேட்டும் ஆண்குறியும் கட்டுப்படுபவை என்பதில் ஐயமில்லை. எந்த ஹார்மோனுக்கு என்பதுதான் தெரியவில்லை. பிறந்து மூன்று வாரங்களுக்குப் பிறகு ஆண் பைக்குட்டியில் புராஸ்டேட் அரும்பத் தொடங்குகிறது. ஆனால் அந்தக் காலத்தில் ஆண், பெண் குட்டிகளின் இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஒரே அளவாகவே, மிகக் குறைவாகவே இருந்தது. காரணமில்லாமல் காரியம் நடப்பது போன்ற இந்நிலையை, டெக்சாஸின் ஜீன் வில்சனும் மெல்போர்ன் குழுவினரும் சேர்ந்து 2000ஆம் ஆண்டில் தெளிவாக்கினர். பைக்குட்டியின் விந்தகம் இரத்தத்துக்குள் செலுத்துவது டெஸ்டோஸ்டிரோனை அன்று, ஆண்ட்ரோஸ்டேன்டையால் என்னும் வேறொரு சேர்மத்தை. இது புராஸ்டேட் உருவாகவிருக்கும் திசுவை அடைந்தபின், டெஸ்டோஸ்டிரோனைவிட வீரியமுள்ள டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக அங்கேயே மாற்றப்படுகிறது. இச்சேர்மம் கொடுக்கப்பட்ட பெண் குட்டிகளிலும் புராஸ்டேட் அரும்புகள் தோன்றின. அதுவரை இது டெஸ்டோஸ்டிரோன் சிதைந்து உண்டாகும் கழிவுப்பொருளாகவே கருதப்பட்டு வந்தது.

2003இல் வந்த அடுத்த ஆய்வு இச்சேர்மம் எவ்வழியாக உருவாகிறது என்பதைத் தேடி, டெஸ்டோஸ்டிரோனைத் தொடாமலேயே அந்த வீரியமுள்ள ஹார்மோனை அடையும் ஒரு வேதிப்பாதை டாமர் பைக்குட்டியின் விந்தகத்தில் இயங்குவதைக் கண்டது. பின்னர் அது புறவாசல் பாதை என்று பெயர் பெற்றது. இது பைப்பாலூட்டிகளுக்கே உரிய தனிச்சிறப்பு என்று ஒதுக்கப்பட்டிருக்கக்கூடும். ஆனால் 2011இல், ஆண் குரோமோசோம்கள் இருந்தும் பிறப்பின்போது ஆணுறுப்பு முழுமையாக அமையாத குழந்தைகள் பிறந்த குடும்பங்களை ஆராய்ந்த சுவிட்சர்லாந்து மருத்துவர் குழு, அவர்களிடம் பழுதுபட்டிருப்பது இந்தப் புறவாசல் பாதையின் நொதிக்குரிய மரபணுவே என்று காட்டியது. அந்தக் குடும்பங்களில் ஒன்று 1972லேயே மருத்துவ இதழில் பதிவாகி, வேறு காரணம் கற்பிக்கப்பட்டுக் கிடந்தது. மனித ஆண் கரு முழு ஆணாக வளர வழக்கமான பாதையுடன் இதுவும் வேண்டும் என்பதை மருத்துவம் கற்றுக்கொண்டது ஒரு வாலபியின் பையிலிருந்துதான். எலிகளை மட்டுமே நம்பியிருந்தால் இது இன்னும் பல ஆண்டுகள் தாமதப்பட்டிருக்கும் என்று சொல்வது மிகையாகாது.

இந்த வரலாற்றின் மிகக் கடுமையான பகுதி ஆண்டெகைனஸ் என்னும் சிறு பூச்சியுண்ணிப் பைப்பாலூட்டிக்கு உரியது. கிழக்கு ஆஸ்திரேலியக் காடுகளில் வாழும் இவ்விலங்கின் ஆண்கள் ஏறக்குறைய 11 மாத வயதில், ஆண்டுக்கு ஒரே முறை வரும் குறுகிய இனச்சேர்க்கைக் காலத்தில் பல மணி நேரம் நீளும் புணர்ச்சிகளில் ஈடுபட்டு, அது முடிந்த சில நாள்களுக்குள் ஒன்றுவிடாமல் இறந்துபோகின்றன. பாட் வூலி 1966இல் இதை முறையாகப் பதிவு செய்தார். மோனாஷ் பல்கலைக்கழகத்தின் அந்தோணி லீ, ஏட்ரியன் பிராட்லி, இயன் மெக்டொனால்டு ஆகியோர் 1980இல் இதன் ஹார்மோன் காரணத்தை வெளியிட்டனர். அட்ரீனல் சுரப்பியிலிருந்து வரும் கார்ட்டிசால், உடலுக்கு நெருக்கடி வரும்போது சேமிப்பைக் கரைத்துச் சக்தியாக்கும் ஹார்மோன். இயல்பில் இதன் பெரும்பகுதி இரத்தத்தில் ஒரு புரதத்தோடு பிணைந்து செயலற்றிருக்கும். இனச்சேர்க்கைக் காலத்தில் டெஸ்டோஸ்டிரோன் உச்சத்தை அடைய, அது இந்தப் பிணைப்புப் புரதத்தைக் குறைத்துவிடுகிறது. அதே நேரத்தில் கார்ட்டிசால் பெருகுகிறது, அதைத் தணிக்க வேண்டிய மூளையின் கட்டுப்பாடும் தளர்கிறது. கட்டற்ற கார்ட்டிசால் தசையின் புரதத்தைச் சர்க்கரையாக்கி, இரை தேடாமலேயே ஆணை ஓட வைக்கிறது. விலையாக இரைப்பையில் புண்ணும் இரத்தக்கசிவும், நோயெதிர்ப்பின் சரிவும், ஒட்டுண்ணிகளின் பெருக்கமும் வந்து சேர்கின்றன. விதையடிக்கப்பட்ட ஆண்கள் இந்த முடிவிலிருந்து தப்பிப் பிழைத்தன.

மரணத்தைவிடவும் வியப்பானது, விந்தகம் அதற்கு முன்பே ஓய்ந்துவிடுவது. இனச்சேர்க்கைக் காலம் தொடங்குமுன்பே விந்தணு உருவாக்கம் நின்று, விந்தணுக்களைப் பிறப்பிக்கும் திசு சிதைந்துபோகிறது. டெஸ்டோஸ்டிரோன் சுரப்பு மட்டும் தொடர்கிறது. எபிடிடைமிஸ் என்னும் சேமிப்பு நாளத்தில் உள்ள விந்தணுக்களை மட்டுமே கொண்டு ஆண் தன் காலத்தைக் கழிக்க வேண்டும், அவற்றிலும் ஒரு பகுதி சிறுநீரோடு கழிந்து வீணாகிறது. கூண்டில் வைத்து உயிர் காக்கப்பட்ட ஆண்களுக்குக்கூட விந்தகம் மீண்டும் உயிர்பெறவில்லை. ஆகவே உடல் இறப்பதற்கு முன்பே கருவளம் இறந்துவிட்டிருக்கிறது. ஒரே பருவத்தோடு முடியும் வாழ்வு ஹார்மோன் கோளாறால் நேர்ந்த விபத்து அன்று, இந்த இனத்தின் உடலமைப்பிலேயே எழுதப்பட்ட ஒழுங்கு. டயானா ஃபிஷரும் உடனாய்வாளரும் 2013இல், இரை மிகும் காலம் குறுகியதாக இருக்கும் இடங்களில் பெண்கள் தம் இனச்சேர்க்கையைச் சுருக்கியதும், அதனால் ஆண்களுக்கிடையே விந்தணுப் போட்டி கடுமையானதும் இந்த ஒழுங்கை உருவாக்கின என்று வாதிட்டனர்.

கடைசியாக ஆண் கவனிக்கப்பட்டது ஆர்வத்தால் அன்று, தேவையால். 19ஆம் நூற்றாண்டில் மென்மயிர் வாணிபத்துக்காக நியூசிலாந்தில் விடப்பட்டு 1858 முதல் வேரூன்றிய தூரிகைவால் போசம் என்னும் பைப்பாலூட்டி, காடுகளை அழித்ததோடு மாடுகளுக்குக் காசநோயையும் பரப்பியது. கங்காரு தீவுக்கு 1920களில் கொண்டுவரப்பட்ட கோவாலாக்கள் பெருகி, தாம் உண்ணும் யூக்கலிப்டஸ் மரங்களையே மொட்டையடித்தன. முன்னதைக் கொல்லலாம், மக்களின் செல்ல விலங்கான பின்னதைக் கொல்ல அரசுகள் துணியவில்லை. எனவே 1990களில் கருவளக் கட்டுப்பாட்டு ஆய்வுகளுக்கு நிதி வந்தது. இவற்றில் அதிக நம்பிக்கை ஊட்டியது டெஸ்லோரெலின் என்னும் மருந்து. ஜிஎன்ஆர்ஹெச் போலவே இயங்கும் இதை, தோலுக்கடியில் சிறு பதியமாக வைத்தால் அது இடைவிடாமல் கசிந்து பிட்யூட்டரியைக் களைப்படையச் செய்து மேற்சொன்ன கட்டளைத் தொடரையே நிறுத்திவிடும். ஆண் நாய்களில் இது மலட்டுத்தன்மையை உண்டாக்கி, ஆஸ்திரேலியாவில் விற்பனைக்கும் வந்தது. பெண் வாலபிகளிலும் பெண் போசங்களிலும் இனப்பெருக்கத்தை நீண்ட காலம் தடுத்தது.

ஆண்களில் பலிக்கவில்லை. கேத்தரின் ஹெர்பர்ட்டும் உடனாய்வாளரும் 2004இல் வெளியிட்ட முடிவின்படி, பதியம் வைக்கப்பட்ட வளர்ந்த ஆண் டாமர்களின் இனப்பெருக்கத் திறன் ஒடுங்கவில்லை. பதியம் வைக்கப்பட்ட ஆண் போசங்களும் குட்டிகளுக்குத் தந்தையாயின என்று 2007இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. காளைகளிலும் இம்மருந்து ஏறத்தாழ இதே போல் தோற்றிருக்கிறது என்பதால், இதைப் பைப்பாலூட்டிகளின் தனித்தன்மை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. கங்காரு தீவின் கோவாலாக்களுக்கு 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய திட்டத்தில் பெண்களுக்குக் கருக்குழாயும் ஆண்களுக்கு விந்துநாளமும் அறுவையால் துண்டிக்கப்பட்டன. எஞ்சிய ஒரு சில ஆண்களே பல பெண்களைக் கருவுறச் செய்துவிடும் என்பதால் ஆண்களை மட்டும் மலடாக்குவதில் பெரும் பயன் இல்லை. செய்தே தீரவேண்டிய இடத்திலும், ஆண் வாலபிக்கும் ஆண் போசத்துக்கும் டெஸ்லோரெலின் பதியத்தைவிட அறுவைக் கத்தியே நம்பத் தகுந்தது.